31வது வாரம், ராத்திரியானா உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாம அரிக்குது, தடிப்பு எதுவும் இல்ல

முதல்மொட்டு:

ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எனக்கு இது முதல் குழந்தை, இப்ப 31 வாரம் 2 நாள் ஆகுது. இவ்ளோ நாளா நீங்க எல்லாரும் எழுதறதை படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குதான் முதல் தடவையா கேக்கறேன். நாலு நாளா ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்துல உள்ளங்கால்ல அரிப்பு ஆரம்பிக்குது. முதல் நாள் கொசு கடிச்சிருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த நாள் உள்ளங்கையும் சேர்ந்துக்கிச்சு. பகல்ல லேசா இருக்கு, வேலையில கவனம் போனா மறந்துடுது, ஆனா லைட்டை அணைச்சு படுத்தா அவ்ளோதான், சொறிய சொறிய இன்னும் ஆழத்துல இருந்து வருது, தோலுக்கு அடியில எறும்பு ஊர்ற மாதிரின்னு சொன்னா சரியா இருக்கும். நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு பாத்ரூம்ல வெறும் தரையில காலை வெச்சிட்டு நின்னேன், அந்த சில்லுனு இருக்கறதுல மட்டும்தான் கொஞ்சம் அடங்குச்சு. அப்புறம் முடியாம சீப்பை எடுத்து உள்ளங்காலை தேய்ச்சேன், அந்த சத்தத்துல அவர் முழிச்சிட்டார். காலைல பாத்தா கோடு கோடா சிவந்து கிடக்கு. ஆனா அந்த சொறிஞ்ச கோடு தவிர ஒரு தடிப்போ கொப்புளமோ புள்ளியோ எதுவுமே இல்ல.

அம்மா கிட்ட சொன்னா, வயிறு பெருசாகுது இல்ல, தோல் விரியுது, அதான் அரிக்கும், எனக்கும் இருந்துச்சுன்னு சொல்றாங்க. வயித்துல அரிச்சா சரி, உள்ளங்கால் எதுக்கு விரியப் போகுதுன்னு எனக்குள்ள ஒரு கேள்வி ஓடிட்டே இருக்கு. அடுத்த செக்கப்புக்கு இன்னும் 9 நாள் இருக்கு. போன மாசம்தான் அடிவயித்து ஓரத்துல எந்திரிக்கும்போது சுருக்குன்னு இழுக்குதுன்னு ரெண்டு தடவ போன் பண்ணி கேட்டேன், ரெண்டு தடவையும் கர்ப்பப்பையை தாங்கற தசைநார் இழுபடறதுதான், பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. இப்ப மறுபடி அரிப்புன்னு போய் நின்னா என்ன நெனப்பாங்களோன்னு ஒரு தயக்கம்.

இது போக சின்ன சின்னதா இன்னும் நிறைய இருக்கு. காலைல எந்திரிக்கும்போது வலது கை கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போய் இருக்கு, சுண்டு விரல் மட்டும் நல்லா இருக்கு, கையை உதறினா சரியாகுது. ஒரு நாள் விடிகாலைல கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிச்சு கத்தியே விட்டேன். நெஞ்செரிச்சல் தினமும் உண்டு. இடது பக்கம் மட்டும்தான் படுக்கணும்னு சொன்னதால ராத்திரி முழுக்க ஒரே பக்கம் படுத்து இடுப்பு எலும்பே வலிக்குது, தூக்கத்துல மல்லாந்துட்டா குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து பயந்து முழிக்கறேன். இதுல எது சாதாரணம், எதுக்கு உடனே போகணும்னு எப்படி பிரிச்சு பாக்கறது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ். குழந்தை நல்லா அசையுது, அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி.


கடல்சிப்பி:

டென்ஷன் ஆகாதீங்க சிஸ், எனக்கும் 7வது மாசத்துல இருந்து ஒரே அரிப்புதான். வயிறு, தொடை, மார்பு எல்லாம் அரிச்சுது, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் தடவி, கொதிக்க கொதிக்க குளிக்கறதை விட்டுட்டு வெதுவெதுப்பா குளிச்சு, தளர்வான காட்டன் டிரஸ் போட்டதும் பாதி குறைஞ்சிடுச்சு. உங்களுக்கும் அதுவாதான் இருக்கும். நெஞ்செரிச்சலுக்கு சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு படுங்க, தலைப்பக்கத்தை கொஞ்சம் உயர்த்தி வெச்சுக்கோங்க, ஒரே வேளையில வயிறு முட்ட சாப்பிடாம பிரிச்சு பிரிச்சு சாப்பிடுங்க, எனக்கு நல்லா கேட்டுச்சு.


தேன்துளி:

சிஸ், தயவு செஞ்சு அந்த 9 நாள் காத்திருக்காதீங்க. உங்க பதிவை படிச்சதும் மூணு வருஷம் முன்னாடி எனக்கு நடந்தது அப்படியே கண்ணு முன்னாடி வந்துடுச்சு.

எனக்கு 33வது வாரம் ஆரம்பிச்சுது, இதே உள்ளங்கை உள்ளங்கால், இதே ராத்திரி நேரம், தடிப்பு கிடையாது. அப்ப செக்கப் போன இடத்துல சொன்னேன், தோல் வறண்டு போச்சு லோஷன் போடுங்கன்னு ஒரு வரியில முடிச்சிட்டாங்க, கையை கூட திருப்பி பாக்கல. நானும் பெரியவங்க சொல்லிட்டாங்கன்னு ரெண்டு வாரம் லோஷனா தடவிட்டு இருந்தேன். தூக்கமே இல்ல, பகல்ல உக்காந்த இடத்துல கண்ணு சொருகும். அப்புறம் ஒரு நாள் யூரின் நல்ல தண்ணி குடிச்சும் டீ கலர்ல போச்சு, மலம் வெளிறி களிமண் மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் பயந்து வேற ஒரு டாக்டர் கிட்ட போனேன். அவங்க நான் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே ரத்தம் எடுக்க எழுதிட்டாங்க. லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் ஒண்ணு, பைல் ஆசிட், அதாவது பித்த அமிலம், அதுக்கு ஒரு டெஸ்ட். பைல் ஆசிட் 62 வந்துச்சு. ஈரல்ல பித்தநீர் தேங்கறது, கர்ப்பகால கொலஸ்டேசிஸ்னு பேரு சொன்னாங்க, அந்த வார்த்தையை நான் வாழ்க்கையில அன்னிக்குதான் கேட்டேன்.

உர்சோடியாக்சிகோலிக் ஆசிட்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க, வாரா வாரம் ரத்தம் எடுத்து பாத்தாங்க, 38வது வாரம் வலி வர மருந்து குடுத்து பிரசவம் பாத்தாங்க. பொண்ணு நல்லா இருக்கா, இப்ப ஓடி ஆடிட்டு இருக்கா. அரிப்பு, குழந்தை பிறந்து ரெண்டு நாள்ல சொல்லாம கொள்ளாம போயிடுச்சு, ஆறு வாரம் கழிச்சு மறுபடி லிவர் டெஸ்ட் எடுத்து நார்மல் ஆயிடுச்சான்னு உறுதி பண்ணாங்க.

உங்களை பயமுறுத்த இதை எழுதல சிஸ். சாதாரண அரிப்பாவே கூட இருக்கலாம். ஆனா அது ரத்தம் எடுத்து பாத்தாதான் தெரியும், கண்ணால பாத்து யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா கண்ணுக்கு தெரியற மாதிரி எதுவுமே இருக்காது. போன் பண்ணும்போது "உள்ளங்கை, உள்ளங்கால், ராத்திரி அதிகம், தடிப்பு இல்ல" இந்த நாலையும் சேர்த்தே சொல்லுங்க. வெறும் அரிப்புன்னு சொன்னதாலதான் எனக்கு லோஷனோட போச்சுன்னு இன்னிக்கும் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. இப்ப ரெண்டாவது, 22 வாரம் ஆகுது, ஒரு தடவ வந்தவங்களுக்கு மறுபடி வர வாய்ப்பு ரொம்ப அதிகம்னு சொல்லியிருக்காங்க, அதனால ஆரம்பத்துலயே டாக்டர் கிட்ட எல்லாத்தையும் சொல்லி வெச்சுட்டேன்.


மழைச்சாரல்:

நானும் இங்கயே கேட்டுக்கறேன், தனியா ஆரம்பிக்க தெம்பு இல்ல. எனக்கு 37 வாரம். முதுகு வலி, முட்டி மடக்க முடியல, ராத்திரி ஆறு தடவ பாத்ரூம், அதெல்லாம் பழகிடுச்சு. ஆனா இன்னிக்கு மத்தியானத்துல இருந்து குழந்தை அசையறது கம்மியா இருக்கற மாதிரி தோணுது. வழக்கமா நான் சாப்பிட்டு சாய்ஞ்சு உக்காந்தா வலது விலாவுக்கு கீழ ஒரு குத்து குத்தும், இன்னிக்கு அது இல்ல, அப்பப்ப லேசா நெளியற மாதிரி மட்டும் இருக்கு. கடைசி மாசத்துல உள்ள இடம் இல்லாததால அசைவு குறையறது சகஜம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. காலைல வரைக்கும் பாக்கலாமா?


பிரசவவார்டு:

மழைச்சாரல் தங்கச்சி, முதல்ல உனக்குதான். காலைல வரைக்கும் பாக்காத மா, இதை படிச்சதும் கிளம்பு. நான் பிரசவ வார்டுல 14 வருஷமா நர்ஸா இருக்கேன், இடம் இல்லாம அசைவு குறையும்ங்கற இந்த ஒரு பேச்சை எத்தனை பேர் வாயில கேட்டிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல, அது தப்பு. கடைசி மாசத்துல அசையற விதம் மாறலாம், டப்புனு உதைக்கறதுக்கு பதிலா உருள்ற மாதிரி, தள்ற மாதிரி தெரியும், ஆனா எவ்ளோ தடவ அசையுதோ அது குறையக் கூடாது, பிரசவ வலி வர்ற வரைக்கும், வலி வந்த பிறகும் கூட குழந்தை அசையணும். சில்லுனு எதையாவது குடிச்சிட்டு பாக்கறேன், வீட்டுல இருக்கற மெஷின்ல துடிப்பு கேட்டுட்டு தூங்கறேன், இதெல்லாம் வேண்டாம், துடிப்பு கேக்கறதும் குழந்தை நல்லா இருக்கறதும் ஒண்ணு இல்ல. சந்தேகம் லேசா இருந்தா பக்கவாட்டுல படுத்து கவனிச்சு ரெண்டு மணி நேரத்துல 10 அசைவு வருதான்னு எண்ணச் சொல்வோம், ஆனா நீ மத்தியானத்துல இருந்தே கம்மின்னு சொல்ற, உன் குழந்தையோட வழக்கம் உனக்குதான் தெரியும், அதனால எண்ணிட்டு உக்காராம போயிடு. ராத்திரின்னு பாக்காத, வார்டு ராத்திரியும் திறந்துதான் இருக்கும்.

முதல்மொட்டு, தேன்துளி சொன்னது ரொம்ப சரி. நம்ம ஈரல் சுரக்கற பித்தநீர் குடலுக்கு ஒழுங்கா போகாம தேங்கினா அதுல இருக்கற பித்த அமிலம் ரத்தத்துல ஏறும், அதனால வர்ற அரிப்புதான் இது. கர்ப்பத்துல ஹார்மோன் ஏறறது ஒரு காரணம், பரம்பரையும் ஒரு காரணம், இரட்டைக் குழந்தை சுமக்கறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா வரும். பெரும்பாலும் உங்க மாதிரி 28 வாரத்துக்கு மேலதான் ஆரம்பிக்கும். நாம கவலைப்படறது அரிப்பை பத்தி இல்ல, குழந்தையை பத்தி. 2019ல லான்செட் இதழ்ல வந்த பெரிய ஆய்வுல, பித்த அமிலம் 100ஐ தாண்டினவங்களுக்குதான் குழந்தை வயித்துலயே இறந்து போற ஆபத்து தெளிவா கூடுதுன்னு பாத்தாங்க, அதுக்கு கீழ இருந்தவங்களுக்கு மத்த கர்ப்பிணிங்களை மாதிரிதான் இருந்துச்சு. அதனால நம்பர் தெரிஞ்சுக்கறது அவ்ளோ முக்கியம். இன்னொண்ணு, சில பேருக்கு அரிப்பு முதல்ல வந்துடும், ரத்தத்துல மாற்றம் பின்னாடிதான் தெரியும், அதனால முதல் டெஸ்ட் நார்மல்னு வந்து அரிப்பு நிக்கலைன்னா ஒரு வாரம் கழிச்சு மறுபடி எடுக்க சொல்லி நீங்களே கேளுங்க.

கை மரத்துப் போறது, கர்ப்பத்துல உடம்புல நீர் சேர்றதால மணிக்கட்டுல நரம்பு அமுங்கறது. நீங்க சுண்டு விரல் நல்லா இருக்குன்னு சொன்னதுலயே தெரிஞ்சிடுச்சு, அந்த நரம்பு சுண்டு விரலுக்கு போகாது. ராத்திரி மணிக்கட்டு மடங்காம நேரா வெக்கற பட்டை போட்டுட்டு படுங்க, பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் தானா போயிடும். ஆனா கை முகம் ரெண்டும் திடீர்னு வீங்கி, மோதிரம் கழட்ட முடியாம போய், கூடவே தலைவலி, கண்ணு முன்னாடி பூச்சி பறக்கறது, வலது விலாவுக்கு கீழ வலி, இப்படி ஏதாவது வந்தா அது வேற கதை, அன்னிக்கே போய் பிபி பாக்கணும், 140க்கு 90ன்னு காட்டினாலே நாங்க விடமாட்டோம்.

கெண்டைக்கால் இழுக்கும்போது பாதத்தை நீட்டாதீங்க, விரல்களை உங்களை நோக்கி இழுத்து பிடிங்க, அரை நிமிஷத்துல விடும். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டா சூடா இருந்து வலி விடாம இருந்தா ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அதுக்கு உடனே வரணும். படுக்கறது இடது பக்கம்தான்னு இல்ல மா, வலது பக்கமும் படுக்கலாம். 28 வாரத்துக்கு மேல தூங்க போகும்போது மல்லாந்து போகக் கூடாதுங்கறதுதான் விஷயம். நடுவுல முழிச்சு பாத்தா மல்லாந்து கிடந்தா பயப்படாம திரும்பி படுத்துக்கோங்க, அவ்ளோதான். முட்டிக்கு நடுவுல ஒரு தலையணை வெச்சா இடுப்பு வலி நல்லா குறையும். நெஞ்செரிச்சலுக்கு மருந்து குடிச்சா இரும்புச்சத்து மாத்திரையை அதோட சேர்த்து போடாதீங்க, ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க, இல்லன்னா இரும்புச்சத்து உடம்புல சேராது.

போன் பண்ண தயங்கறேன்னு எழுதியிருந்தீங்களே, அதுதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. பத்து தடவ ஒண்ணும் இல்லாம வந்துட்டு போனவங்களை நாங்க யாரும் ஞாபகம் வெச்சுக்கறது இல்ல. ஒரு தடவ வராம விட்டவங்களை மறக்க முடியறது இல்ல.


கடல்சிப்பி:

எனக்கு உள்ளங்கை உள்ளங்கால் அரிக்கல, வயிறு தொடைதான், அந்த வித்தியாசம் தெரியாம அதுவாதான் இருக்கும்னு எழுதிட்டேன். சாரி சிஸ், இவங்க ரெண்டு பேரும் சொல்றதை கேளுங்க, நாளைக்கே போங்க.


மழைச்சாரல்:

வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி 11 மணிக்கு போனோம், யாரும் ஒரு வார்த்தை சலிச்சுக்கல. வயித்துல ரெண்டு பெல்ட் கட்டி குழந்தை துடிப்பை பேப்பர்ல ஓட விட்டு பாத்தாங்க, அசைவு தெரியும்போதெல்லாம் அமுக்க சொல்லி கையில ஒரு பட்டன் குடுத்தாங்க. முதல் இருபது நிமிஷம் அமுக்கவே இல்ல, என் கை வேர்த்துப் போச்சு. அப்புறம் எந்திரிச்சுக்கிட்டான் போல, வரிசையா அஞ்சாறு தடவ. துடிப்பு நல்லா இருக்குன்னு சொன்னாங்க, ஸ்கேன்ல நீரும் போதுமான அளவு இருக்காம். மறுபடி குறைஞ்சா மறுபடி வாங்க, இப்பதானே வந்தோம்னு நெனக்காதீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. அக்கா, நீங்க கிளம்புன்னு எழுதலைன்னா நான் படுத்திருப்பேன். ரொம்ப நன்றி.


முதல்மொட்டு:

எல்லாருக்கும் நன்றி, காலைல 8 மணிக்கே போன் பண்ணிட்டேன். தேன்துளி சொன்ன மாதிரி நாலையும் சேர்த்து சொன்னேன். எடுத்தவங்க கேட்ட முதல் கேள்வி, ஏன் மா நாலு நாள் காத்திருந்தீங்கன்னுதான். உடனே வர சொல்லி ரத்தம் எடுத்துட்டாங்க, குழந்தை துடிப்பும் பாத்தாங்க, நல்லா இருக்கு. லிவர் டெஸ்ட் சாயங்காலமே வந்துடுச்சு, ஒரு என்சைம் இருக்க வேண்டியதை விட கூட இருக்கு. பைல் ஆசிட் ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் மனசு ஒரு இடத்துல நிக்காதுன்னு தெரியும், இருந்தாலும் நேத்து இருந்ததுக்கு இன்னிக்கு பரவால்ல. வலது பக்கமும் படுக்கலாம்னு தெரிஞ்சதே எனக்கு பெரிய விடுதலை, நேத்து ராத்திரி முட்டிக்கு நடுவுல தலையணை வெச்சு மூணு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கினேன்.


தேன்துளி:

நல்ல வேளை போனீங்க சிஸ். ராத்திரிக்கு ஒரு விஷயம் சொல்றேன், மென்தால் கலந்த க்ரீம் ஒண்ணு எனக்கு எழுதி குடுத்தாங்க, அதை ஃப்ரிட்ஜ்ல வெச்சு சில்லுனு தடவுவேன், ஒரு மணி நேரம் தாங்கும், அந்த ஒரு மணி நேரத்துல தூங்கிடணும். உங்க டாக்டர் கிட்ட கேட்டுட்டு போடுங்க. மாத்திரை குடுத்தா அரிப்பு அன்னிக்கே போயிடும்னு எதிர்பாக்காதீங்க, சிலருக்கு குறையும், சிலருக்கு பெருசா வித்தியாசம் தெரியாது, எனக்கு பாதிதான் குறைஞ்சுது. நகத்தை ஒட்ட வெட்டிடுங்க. சீப்பை தயவு செஞ்சு எடுக்காதீங்க.


முதல்மொட்டு:

ரிசல்ட் வந்துடுச்சு, பைல் ஆசிட் 34. கொலஸ்டேசிஸ்தான்னு உறுதி ஆயிடுச்சு. கர்ப்பிணிகளுக்கு 19க்கு கீழ இருக்கணுமாம், அதை விட கூட, ஆனா கவலைப்படற அளவுக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்குன்னு டாக்டர் உக்காந்து பொறுமையா சொன்னாங்க. மாத்திரை ஆரம்பிச்சாச்சு, வாரம் ஒரு தடவ ரத்தம். நம்பர் 40க்கு கீழயே நின்னா குறிச்ச தேதிக்கு பக்கத்துல வரைக்கும் போகலாம், ஏறினா முன்னாடியே பிரசவம் பாக்கணும், அதை வாரா வாரம் வர்ற ரிசல்ட்டை வெச்சு முடிவு பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. அசைவு குறைஞ்சா எந்த நேரமும் வரணும். பேரு தெரியாம பயந்துட்டு இருந்ததுக்கு, பேரு தெரிஞ்சு பயப்படறது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு சொல்லணும். டாக்டர், உங்க அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ இப்படி இருந்துச்சான்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து அம்மா கிட்ட ரிப்போர்ட்டை காட்டி, உனக்கும் இருந்துச்சுன்னு சொன்னியே, எங்க அரிச்சுதுன்னு கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் சொல்றாங்க, உன் அக்கா வயித்துல இருந்தப்பவும் சரி, நீ இருந்தப்பவும் சரி, ராத்திரியில பாதம்தான் அரிக்கும், ஈரத்துணியை காலுல சுத்திட்டு படுப்பேன், பிரசவம் ஆனதும் போயிடுச்சு, எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு யார்கிட்டயும் சொல்லலன்னு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. என் காலை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க.

அக்காவுக்கு இப்ப 4வது மாசம் நடக்குது. நேத்தே போன் பண்ணி சொல்லிட்டேன், அவளும் அடுத்த செக்கப்ல இதை சொல்லி எழுதி வெக்க சொல்றேன்னு சொன்னா. வியாழக்கிழமை எனக்கு அடுத்த ரத்தம், நம்பர் வந்ததும் வந்து எழுதறேன்.